சைவ வீட்டில் வளரும் நாய்க்கு எந்த உணவு முறையானது?

கேள்வி

வணக்கம். தெருவில் அடிபட்டுக் கிடந்த நாட்டு நாய்க்குட்டி ஒன்றை எடுத்து வந்து ஓராண்டுக்கு மேல் ஆகிறது. இப்போது 15 கிலோ எடை இருக்கிறாள், கருத்தடையும் செய்தாகிவிட்டது. எங்கள் வீட்டில் முட்டையைத் தவிர அசைவம் எதுவும் புழங்குவதில்லை. ஓர் உயிரைக் காப்பாற்றி வளர்ப்பதற்காக வேறு உயிர்களைக் கொல்லச் சொல்வது எனக்கு உறுத்தலாக இருப்பதால், இதுவரை தயிர்ச் சோறும் பருப்புச் சோறும், சில நாள் சாம்பார்ச் சோறுமே கொடுத்து வந்தோம். விரும்பித்தான் சாப்பிடுகிறாள், ஆனால் சில மாதங்களாக முடி பொலிவிழந்து உதிர்கிறது. கடையில் கிடைக்கும் உலர் தீனிப் பையில் இறைச்சி என்று போட்டிருக்கிறதே தவிர, அது எங்கிருந்து வந்தது, எப்படி வளர்க்கப்பட்டது என்பதற்கு ஒரு வரியும் இல்லை. என் கொள்கைக்காக அவள் உடல் கெடக் கூடாது. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

பதில் 1

கால்நடை மருத்துவம் படித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். முதலில் சாம்பாரை நிறுத்துங்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியவை. வேகவைத்தாலும் அந்தத் தன்மை போவதில்லை.

நீங்கள் வளர்ப்பது பூனையாக இருந்தால், இறைச்சி இல்லாமல் வளர்க்க எண்ணாதீர்கள் என்று ஒரே வரியில் முடித்திருப்பேன். நாயின் உடல் வேறு. ஓநாய்க்கு மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் மரபணுவில் இரண்டு பிரதிகளே இருக்க, நாய்களுக்கு நான்கு முதல் முப்பது வரை இருப்பதை 2013இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு காட்டியது. மனிதனை அண்டி, அவன் சோற்றைத் தின்று வாழ்ந்த விலங்கு அது. ஆனால் சோறு செரிக்கிறது என்பதும் சோறு போதும் என்பதும் ஒன்றல்ல. தானியத்திலும் பருப்பிலும் உள்ள ஃபைட்டேட் என்னும் இயற்கைப் பொருள், துத்தநாகத்தை உடலில் சேரவிடாமல் பிணைத்துக்கொள்ளும். முடி உதிர்வதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம், உண்ணியும் தோல் பூஞ்சையும்கூட இருக்கலாம் என்பதால் நேரில் காட்டியே தீர வேண்டும். வைட்டமின் டியை நாய் நம்மைப் போல் வெயிலிலிருந்து போதிய அளவு பெறாது. உணவிலிருந்துதான் வர வேண்டும்.

முட்டை உங்களுக்கு ஏற்புடையது என்பது பெரிய வசதி. வேகவைத்த முட்டை, தயிர், குழைந்த சோறு, மசித்த பருப்பு, பூசணி என்று அமைக்கலாம். ஆனால் பருப்பையே முதன்மையாக வைக்காதீர்கள். பட்டாணி, பருப்பு வகைகள் மிகுந்த தீனிகளுக்கும் இதயத் தசை விரிந்து பலவீனமாகும் நோய்க்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்க உணவு மருந்துத் துறை 2018இல் விசாரிக்கத் தொடங்கியது. காரணம் உறுதிப்படவில்லை என்றாலும், எச்சரிக்கையாக இருப்பதில் இழப்பு ஒன்றுமில்லை. வீட்டுச் சமையலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் நாய்களுக்கான 200 சமையல் குறிப்புகளை ஆராய்ந்தபோது, 95 விழுக்காட்டில் ஏதேனும் ஒரு சத்தாவது குறைவாக இருந்தது. எனவே தாது, வைட்டமின் கலவை ஒன்றை எடைக்கேற்ற அளவில் மருத்துவரிடம் எழுதி வாங்கிச் சேர்ப்பது கட்டாயம்.

பதில் 2

இறைச்சி கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் எண்ண வேண்டாம். எங்கள் சிப்பிப்பாறைக் குட்டிக்கு எலும்பு நீக்கிய கோழிக்கறியும் சோறும் மட்டுமே ஊட்டி வளர்த்தோம். ஐந்தாம் மாதத்தில் முன்னங்கால்கள் வளைந்துவிட்டன. கறியில் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு என்பதை அன்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. இப்போது முட்டை ஓட்டைக் கழுவி, வறுத்து, மாவாக அரைத்து, மருத்துவர் சொன்ன அளவில் கலக்கிறோம்.

பதில் 3

உங்கள் உறுத்தலை மதித்தே இதைச் சொல்கிறேன். முட்டைக்குப் பின்னாலும் உயிரிழப்பு உண்டு. முட்டைக்கோழிப் பண்ணைகளுக்காகக் குஞ்சு பொரிக்கும் இடங்களில், பயன்படாது என்று ஆண் குஞ்சுகளைப் பிறந்த அன்றே கொன்றுவிடுகிறார்கள். வளரும் பெட்டைகளின் காலம் பெரும்பாலும் கம்பிக் கூண்டில் கழிகிறது. கொல்லையில் திரிந்து மேயும் நாட்டுக்கோழி முட்டையைத் தெரிந்தவர்களிடம் வாங்கினால் அந்தப் பாவம் வெகுவாகக் குறையும். நாங்கள் வாரம் இருமுறை மத்தி மீனை முள் நீக்கி அவித்துக் கொடுக்கிறோம். மலிவான சிறு மீன். வைட்டமின் டியும் ஒமேகா 3 கொழுப்பும் அதில் உண்டு. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடை இருக்கும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நாட்டுப்படகுக்காரர்களிடம் கிடைப்பதை மட்டும் வாங்குவோம். ஆட்டு நுரையீரல் போல மனிதர்கள் அதிகம் வாங்காத உறுப்புகளும் இருக்கின்றன. அவற்றுக்கென்று தனியாக ஓர் ஆட்டை யாரும் அறுப்பதில்லை.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. சாம்பாரை இன்றே நிறுத்திவிட்டோம். திங்களன்று தோலையும் இரத்தத்தையும் பரிசோதிக்க அழைத்துச் செல்கிறேன். தெருமுனை வீட்டில் நாட்டுக்கோழி வளர்க்கும் அம்மாவிடம் முட்டைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். மீன் பற்றி வீட்டில் இன்னும் பேச வேண்டும். மருத்துவர் அவசியம் என்று சொன்னால், வெளியில் தனி அடுப்பு வைத்து நானே அவித்துக் கொடுப்பேன்.