புதுப்பிப்பு: எங்கள் வாலிபால் அண்ணன் போன பிறகு

மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் காலையில் எங்களோடு வாலிபால் ஆடிய அண்ணன் மாரடைப்பில் இறந்ததைப் பற்றிப் போன மாதம் எழுதியிருந்தேன். ஆறுதல் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

காரியம் முடிந்தும் கொஞ்ச நாள் யாரும் வலை கட்டவில்லை. முதல் ஆளாக வந்து கம்பத்தில் கயிற்றை இழுத்து முடிச்சுப் போடுவது அவர்தான். "என்னப்பா, ராத்திரி தூங்குனியா?" என்று ஒவ்வொருவரையும் கேட்பார். இப்போது நாங்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறோம்.

நெஞ்சுவலியை வாய்வு என்று நினைத்து சோடா குடித்துச் சமாளித்தவர் அவர். அதனால் எல்லோரும் போய் பிரஷர், சர்க்கரை பார்த்தோம். சிலருக்கு மாத்திரை தொடங்கியாச்சு.

என் பெரிய கவலை, அவர் கைபிடித்து ஆடக் கற்றுக்கொண்ட தம்பி ஒருவன். மைதானத்துக்கும் வரவில்லை, போனும் எடுக்கவில்லை. வீட்டுக்கே போனோம். அழுது தீர்த்தான்; "ஆம்பளை அழலாமா" என்று ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. நம் நாட்டில் தற்கொலையில் இறப்பவர்களில் 10க்கு 7 பேர் ஆண்கள். பயந்துதான் போனேன். பக்கத்தில் உட்கார்ந்து 14416க்கு நானே போன் போட்டுக் கொடுத்தேன். 2022இல் அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் அது. காசு கிடையாது, 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். இப்போது ஆலோசகரைப் பார்த்து வருகிறான், ஆடவும் வருகிறான்.

அண்ணனுடைய மகளின் செமஸ்டர் கட்டணத்தை நாங்கள் கட்டிவிட்டோம். அண்ணிக்கு வாரிசுச் சான்றிதழ் வேலை பாக்கி. அது முடிந்ததும் எழுதுகிறேன்.