நாலு வயது மகன் தலையை நிலத்தில் அடித்து அழுகிறான், என்ன செய்யலாம்?

உப்புவெளி அம்மா:
மகனுக்கு நாலு வயது. போனை வாங்கினால் போதும், நிலத்தில் விழுந்து தலையை அடிக்கிறான், கிட்டப் போனால் கடிக்கிறான். மாமி உடனே போனைக் கொடுத்துவிடுவார், இவர் வேலை முடிந்து களைத்து வருவதால் கையை ஓங்கிவிடுவார். போன ஞாயிறு டச்பே கடற்கரையில், இருட்டுது வீட்டை போவோம் என்றதற்கு மண்ணை அள்ளி எறிந்து கத்தினான். சனமெல்லாம் பார்த்தது. அடிக்காமல், கத்தாமல் இதைச் சமாளிக்க வழி இருக்கா? பொறுமையாக இருங்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த நேரத்தில் வாயால் என்ன சொல்வது, கையால் என்ன செய்வது என்று சொல்லுங்கள்.

முன்பள்ளி ரீச்சர்:
இருக்கு தங்கச்சி. ஆத்திரத்தை அடக்கி யோசிக்க வைக்கும் மூளையின் முன்பகுதி முழுதாக வளர இருபது வயதும் தாண்டும், நாலு வயதுப் பிள்ளையிடம் கத்துகிற நேரத்தில் நியாயம் கதைத்துப் பயனில்லை. முதலில் தலைக்குக் கீழே தலையணையோ உங்கள் கையோ போகட்டும். பிறகு மேலே நின்று பார்க்காமல் பக்கத்தில் நிலத்தில் இருங்கள். "போன் வேணும், அம்மா தரேல்ல, கோவம் வருது என்ன" என்று தணிந்த குரலில் ஒரு தரம் சொன்னால் போதும். கடிக்க வந்தால் கையை மெல்லப் பிடித்து "கடிக்க விடமாட்டன்" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். மூச்சை எடுப்பதைவிட விடுவதை நீளமாக்குங்கள், அது உங்கள் படபடப்பைக் குறைக்கும். சில பிள்ளைகள் கட்டிப்பிடித்தால் அடங்குவார்கள், சிலருக்குத் தொட்டாலே கூடும், அவன் எந்த ரகம் என்று உங்களுக்குத்தான் தெரியும். புத்தி சொல்வதெல்லாம் அவன் அடங்கித் தண்ணீர் குடித்த பிறகுதான்.

இன்னொன்று, போனைத் திடீரென்று பறிக்காதீர்கள். "அஞ்சு நிமிசம்" என்பது அந்த வயதுக்கு விளங்காது. "இந்தப் பாட்டு முடிய அம்மாட்ட தரவேணும்" என்றால் விளங்கும். கடற்கரையில் "இன்னும் பத்து அலை" என்று சொல்லி, கூட நின்று எண்ணுங்கள்.

பாலையூற்று அப்பா:
எனக்கென்றால் மாமி விஷயம்தான் பெரிய சிக்கலாகத் தெரிகிறது. நாலு தரம் மறுத்து ஐந்தாம் தரம் கொடுத்தால், இன்னும் கொஞ்சம் கத்தினால் கிடைக்கும் என்றுதான் பிள்ளை பழகும். எல்லாரும் ஒரே சொல்லில் நின்றால் முதல் சில நாள் அடம் இன்னும் கூடும், கூடினால் பயந்து விட்டுவிடாதீர்கள், அதற்குப் பிறகுதான் குறையும். மாமியைக் குறை சொல்லாமல் அவருக்கு ஒரு வேலை கொடுங்கள்: தலையணை எடுத்து வரட்டும், அடங்கியதும் மடியில் வைத்துக் கதை சொல்லட்டும். பேரன் அழ அவரால் சும்மா பார்த்திருக்க ஏலாதுதானே. இவரிடமும் கதையுங்கள். அடித்தால் அப்போதைக்கு வாய் மூடும், ஆனால் கோபம் வந்தால் அடிக்கலாம் என்பதைத்தான் அவன் பார்த்துப் படிக்கிறான். "பொலிஸ் வரும்" என்று வெருட்டுவதும் வேண்டாம்.

சம்பல்தீவு தாதி:
அழுதழுது மூச்சை அடக்கி உதடு நீலமாகும் பிள்ளைகளும் உண்டு. பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் மூச்சு தானாக வந்துவிடும். பக்கவாட்டில் படுக்க வையுங்கள், வாயில் எதையும் ஊற்றாதீர்கள். முதல் தரம் நடந்தால் கட்டாயம் டொக்டரிடம் காட்டுங்கள், சிலருக்கு இரும்புச்சத்துக் குறைவும் காரணமாக இருக்கும். தலையை அடித்துக் காயம் வந்தாலோ, கூப்பிட்டால் திரும்பாமல் இருந்தாலோ, பேச்சு பிந்தினாலோ கிளினிக்கில் மிட்வைஃபிடம் சொல்லுங்கள். உங்களுக்கே தாங்க முடியாமல் போனால் 1926க்கு எடுங்கள், அது இலங்கையில் மனநல உதவிக்கான தேசிய இலக்கம்.

உப்புவெளி அம்மா:
நன்றி எல்லாருக்கும். இவருக்கும் வாசித்துக் காட்டுகிறேன். கடைக்குள் நடந்தால் என்ன செய்வது?

முன்பள்ளி ரீச்சர்:
கூடையைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே வாருங்கள், நிழலில் இருங்கள். ஆனால் அவன் அழுது கேட்ட சாமானை வாங்கிக் கொடுக்காதீர்கள். சனம் பார்க்கட்டும், பரவாயில்லை.