டயரை முகரும் மணிக்குத் தன்னைத் தெரியுமா?

செங்கோட்டையிலிருந்து:

புளியரை சோதனைச் சாவடிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு டீக்கடை. அங்கே ஒரு செவலை நாய். கடைக்கார அண்ணாச்சிக்கு அது மணி, ஆரியங்காவு வழியாக வரும் லாரிக்காரச் சேட்டன்மாருக்குக் குட்டன். எப்படிக் கூப்பிட்டாலும் வால் ஒரே மாதிரிதான் ஆடும். ‘நான் யார்’ என்ற கேள்வி எனக்குள் உறைத்தது அதைப் பார்த்துத்தான்.

அன்றைக்கு நல்ல சாரல். ஒரு டிரைவர் லாரியின் பக்கக் கண்ணாடியைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். மணி அதன் எதிரே போனது. தன் முகத்தை ஒரு பார்வை பார்த்தது, கண்ணாடிச் சட்டத்தை முகர்ந்தது, நகர்ந்துவிட்டது. அப்புறம் பின்டயரிடம் போனது. மூக்கு ரப்பரில் பட்டும் படாமல் பள்ளம் பள்ளமாக மேலிருந்து கீழே முகர்ந்தது. நடுவில் புஸ்ஸென்று ஒரு மூச்சு விட்டு, மறுபடி முதலிலிருந்து. தினசரியை வரி விடாமல் படிக்கும் பெரியவர் மாதிரி. கடைசியில் காலைத் தூக்கித் தன் பங்கையும் வைத்தது. சற்றுமுன் தானே நனைத்த கல்லை மட்டும் சும்மா கடந்து போனது.

அந்தக் கல்லைத்தான் நான் விடாமல் யோசித்தேன்.

1970இல் கார்டன் கேலப் என்ற ஆய்வாளர் மயக்கத்திலிருந்த சிம்பன்சிகளின் முகத்தில் சாயம் பூசினார். விழித்ததும் கண்ணாடியைப் பார்த்து அவை சாயத்தைத் தொட்டன. தன்னைத் தெரிகிறது என்பதற்கு அது சான்றாயிற்று. நாய்கள் இந்தச் சோதனையில் தேறுவதில்லை. ஆனால் அது கண்ணுக்கு வைத்த பரீட்சை. மார்க் பெக்காஃப் என்பவர் சிறுநீர் பட்ட பனியை அள்ளி இடம் மாற்றி வைத்துத் தன் நாயைக் கவனித்தார். மற்ற நாய்களுடையதை அது நின்று முகர்ந்தது, தன்னுடையதில் அவ்வளவு நேரம் நிற்கவில்லை. 2001இல் அதை எழுதினார். 2017இல் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ், நாயின் சொந்த வாசனையோடு வேறொரு வாசனையைக் கலந்து வைத்தார். கலப்பில்லாததைவிட அதைத்தான் நாய்கள் அதிக நேரம் முகர்ந்தன. ‘இது நானாச்சே, கூட என்னவோ இருக்கே’ என்பதுபோல. இதை வைத்து நாய்க்கு ஆன்ம விசாரம் உண்டு என்று அடித்துச் சொல்ல முடியாது, சரி. ஆனால் ‘தான்’ என்பது முகத்தில்தான் இருக்கிறது என்று யார் முடிவு செய்தது? மணிக்கு அது வழியெல்லாம் விட்டுவரும் தடமாக இருக்கலாம். ஒரு மழை அடித்தால் கரைந்துவிடும், மறுநாள் காலையில் மறுபடி போட வேண்டும்.

எங்கள் ஊர் 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சியை விட்டு மதராஸ் மாநிலத்தோடு சேர்ந்தது. என் தாத்தா வீட்டுத் திண்ணையை விட்டு இறங்காமலே வேறு மாநிலத்துக்காரர் ஆனார். அவருக்குள் எது மாறியது, எது மாறவில்லை? எனக்கு இன்னும் விடை பிடிபடவில்லை.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

தடம் என்று நீங்கள் எழுதியதும் எங்கள் தோப்பு நாய் நினைவுக்கு வந்துவிட்டது. அப்பா இறந்த பிறகு அது வாசலில் காத்துக் கிடக்கவில்லை. சாயங்காலம் ஆனால் கயிற்றுக் கட்டிலுக்குப் போகும், அவர் தலை வைக்கும் பக்கம் முகரும், திரும்பிவிடும். முதலில் வெகுநேரம் நின்றது. நாளாக ஆக நிற்கும் நேரம் குறைந்தது. பிறகு போவதே இல்லை. மறந்துவிட்டது என்றார் அம்மா. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நமக்கு அவர் ஒரே நாளில் போனார். அதற்கு, கயிற்றிலிருந்து வாசம் கொஞ்சம் கொஞ்சமாகப் போகப் போகத்தான் போயிருக்கிறார். சாவு ஒரு நொடியில் நடக்கிறதா, மெல்ல மெல்ல நடக்கிறதா என்று அன்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

வீட்டில் ஒருவரை இழந்தவர்கள், உங்கள் நாய் எதை முகர்ந்தது, எவ்வளவு காலம் முகர்ந்தது என்று எழுதுங்கள். போனவரின் துணிமணியைத் துவைத்தீர்களா, அப்படியே வைத்திருந்தீர்களா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.