ஏபிஎஸ்: பூட்டா, இறுக்கமா, விட்டுப்பிடியா?

அல்சூரிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். நாம் எழுதும் ஓட்டுநர் பயிற்சிக் கையேட்டில் ஏபிஎஸ் (ஆன்டி-லாக் பிரேக்கிங் சிஸ்டம், பிரேக் மிதிக்கும்போது சக்கரம் சுழலாமல் நின்றுவிடாதபடி தடுக்கும் அமைப்பு) வரும் இடமெல்லாம் ‘எதிர்ப்பூட்டு நிறுத்தி’ என்று போட்டிருக்கிறோம். படித்துப் பார்த்தவர்கள் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள்: இது வண்டி திருடு போகாமல் இருக்க மாட்டும் பூட்டா? 2019 ஏப்ரலிலிருந்து புதிய கார்கள் எல்லாவற்றிலும் கட்டாயமாகிவிட்ட கருவிக்கு இப்படி ஒரு பெயர் இருக்கக் கூடாது. ‘இறுகாத் தடை’ என்று வைக்கலாமா? வாடா மலர், அழியாப் புகழ் என்று எதிர்மறை நம்மிடமே இருக்கும்போது ‘எதிர்’ எதற்கு?

பீனியாவிலிருந்து:

ஐயா, ‘எதிர்’ போனதில் சந்தோஷம். பூட்டும் போகட்டும். 1978-ல் பாஷ் இதை மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் கொண்டுவந்தது, ஜெர்மனில் ‘ஆன்டிபிளாக்கியர்சிஸ்டெம்’ என்கிறார்கள். அங்கேயும் பூட்டு இல்லை, முடக்கம்தான். ஆனால் ‘இறுகாத் தடை’ என்றால் பட்டறையில் சிரிப்பார்கள். இறுகாத பிரேக் என்றால் பிடிக்காத பிரேக். ஏபிஎஸ் உள்ள வண்டியிலும் பிரேக் பேடு, சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை இறுக்கத்தான் செய்கிறது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே சக்கரம் நின்றுவிடக் கூடாது, அவ்வளவுதான். பெங்களூரு ஜே.சி. ரோட்டு மெக்கானிக்குகள் ‘வீல் ஜாம்’ என்பது அதைத்தான்.

உள்ளே நடப்பதைப் பார்த்தால் சொல் கிடைத்துவிடும். ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு பல்வளையம், அதற்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் ஒரு வேக சென்சார். கார் 60 கி.மீ. வேகத்தில் போகையில் டயரின் விளிம்பு 50-க்கு மட்டும் சுழன்றால் சறுக்கல் சுமார் 17 சதவீதம். தார்ச்சாலையில் டயர் நன்றாகப் பிடிப்பது 10 முதல் 30 சதவீதச் சறுக்கலுக்குள்தான். அடியோடு நின்றுவிட்டால் 100. அப்புறம் ஸ்டீயரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் வண்டி நேராகவே வழுக்கிக்கொண்டு போகும்.

ஒரு சக்கரத்தின் வேகம் மட்டும் சடாரென்று விழுந்தால், கணினி அதற்கு பிரேக் ஆயில் போகும் வழியில் இருக்கும் உள்வால்வை மூடுகிறது. இனி எவ்வளவு மிதித்தாலும் அந்தச் சக்கரத்தில் அழுத்தம் ஏறாது. அதுவும் போதாவிட்டால் வெளிவால்வைத் திறந்து கொஞ்சம் பிரேக் ஆயிலை வடிக்கிறது, சக்கரம் மறுபடி சுழலத் தொடங்குகிறது. உடனே வெளிவால்வு மூடி, உள்வால்வு திறந்து, மீண்டும் பிடி. வடித்த ஆயிலை ஒரு பம்ப், மிதியோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டர் பக்கமே திருப்பித் தள்ளும், காலில் தட்டுவது அதுதான். நான்கு சக்கரத்துக்கும் தனி வழி என்றால் எட்டு வால்வு. இத்தனையும் நொடிக்குப் பத்துத் தடவைகூட நடக்கும்.

காற்றாடி விடுகிறவன் நூலை என்ன செய்கிறான்? விட்டுப் பிடிக்கிறான். என் வோட்டு ‘விட்டுப்பிடி தடை’க்கு.

அல்சூரிலிருந்து:

அருமை தம்பி. எல்லாருக்கும் ஒரு குறிப்பு: இது வினைத்தொகை, சுடுசோறு மாதிரி. நடுவில் ‘த்’ போட்டுவிடாதீர்கள். ஆனால் ஒரு பயம். படிக்கிறவர் காலால் விட்டுப் பிடிக்கப் போனால்? பழைய வண்டி ஓட்டிப் பழகியவர்கள் வழுக்கும் ரோட்டில் அப்படித்தானே மிதிப்பார்கள்? ‘உருள்காப்பு’ பாருங்கள், சக்கரம் உருள்வதைக் காப்பது.

பீனியாவிலிருந்து:

உயிர்காப்பு உயிரைக் காக்கிறது, தீக்காப்பு தீயிலிருந்து காக்கிறது. உருள்காப்பு இதில் எந்தப் பக்கம்? கார் உருண்டு கவிழாமல் காப்பது என்று பாதிப்பேர் எடுத்துக்கொள்வார்கள்.

கால் பற்றிய பயம் நியாயம். அதை வரியில் தீர்ப்போம்: ‘மிதியை ஒரே அழுத்தாக அழுத்தி வைத்திருங்கள். விட்டுப் பிடிப்பதை அதுவே பார்த்துக்கொள்ளும். மிதி துடித்தால் காலை எடுக்காதீர்கள்.’ கையேட்டில் இப்போது இருக்கும் ‘வண்டி எப்போதும் சீக்கிரம் நிற்கும்’ என்ற வாக்கியத்தையும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். ஜல்லியிலும் மணலிலும், நின்றுபோன சக்கரம் முன்னால் குவியல் சேர்த்து அதிலேயே முட்டி நிற்கும். விட்டுப்பிடி தடை அந்தக் குவியலைச் சேரவிடாது, அங்கே நிற்கும் தூரம் கூடலாம். இது தருவது முதலில் திருப்பும் வசதி.

பழுது அத்தியாயத்துக்கு: ஏபிஎஸ் விளக்கு அணையாமல் எரிந்தால் சாதாரண பிரேக் இருக்கும், விட்டுப்பிடிதான் இருக்காது. முதலில் பார்க்க வேண்டியது சென்சார் முனையில் ஒட்டிய இரும்புத்தூள், துரு ஏறி வெடித்த வளையம், சக்கரம் திரும்பும்போது மடங்கி மடங்கி உள்ளே அறுந்த ஒயர். சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் ஓட்டவே வேண்டாம். முதலில் ஆயில் மட்டத்தைப் பாருங்கள்.

பேரிங் மாற்றிய கையோடு விளக்கு வந்தால் பெரும்பாலும் பேரிங்கைப் பக்கம் மாற்றிப் பொருத்தியிருப்பார்கள். புதுப் பேரிங்குகள் பலவற்றில் வளையம் தனியாக இல்லை, ஒரு பக்கத்தை மூடும் சீலிலேயே காந்தத் துருவங்கள் வரிசையாக இருக்கும். அந்தப் பக்கம் சென்சாரைப் பார்த்திருக்க வேண்டும்.

அப்படியானால் நான் மேலே எழுதிய ‘பல்வளைய’மும் நிற்காது, பல்லே இல்லையே. ‘வேகவளையம்’ சரிவருமா, ஐயா?