பள்ளியின் மதிப்பீட்டில் உடன்பாடு இல்லையெனில் சார்பற்ற மதிப்பீடு கோருவது எப்படி?

தேன்மொழி:

வணக்கம். எங்கள் மகன் அமெரிக்க அரசுப் பள்ளி ஒன்றில் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். கேட்பதை நன்றாகப் புரிந்துகொண்டு தெளிவாகப் பேசும் அவன், எழுத்துக்கூட்டிப் படிக்கும்போது மட்டும் மிகவும் திணறுகிறான். நேற்றுப் படித்த சொல் இன்று அவனுக்குப் புதிதாகத் தெரிகிறது. நாங்கள் எழுதிக் கேட்ட பிறகு, இப்பகுதி அரசுப் பள்ளிகளை நிர்வகிக்கும் அமைப்பான பள்ளி மாவட்டம் அவனை மதிப்பிட்டது. அறிவுத்திறன் தேர்வையும் பொதுவான வாசிப்புத் தேர்வையும் நடத்திவிட்டு, வீட்டில் தமிழ் பேசுவதே அவன் பின்தங்கக் காரணம் என்றும், சிறப்புக் கல்விக்கு அவன் தகுதி பெறவில்லை என்றும் முடிவு செய்துவிட்டார்கள். தமிழ் எழுத்துகளைக் கற்பதிலும் அவனுக்கு இதே தடுமாற்றம் இருக்கிறது என்று நான் கூட்டத்தில் சொன்னது அறிக்கையில் இடம்பெறவே இல்லை.

மாவட்டத்தின் செலவிலேயே வெளியார் ஒருவரைக் கொண்டு மதிப்பிடச் சொல்லும் உரிமை பெற்றோருக்கு உண்டு என்று அறிந்து, அதைப் பற்றி விசாரித்தேன். "எங்கள் அறிக்கையில் என்ன பிழை என்பதை முதலில் விளக்கி எழுதுங்கள், பிறகு பரிசீலிக்கிறோம்" என்று ஒருங்கிணைப்பாளர் கூறுகிறார். உளவியல் படிக்காத நான் அதை எப்படி விளக்குவது? இப்படிக் கேட்பது முறைதானா?

ஆலமரம்:

வணக்கம் சகோதரி. காரணத்தை அவர்கள் கேட்கலாம். ஆனால் சொல்லியே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. ஐடியா என்று சுருக்கமாக அழைக்கப்படும் மாற்றுத்திறனாளிகள் கல்விச் சட்டத்தின் கூட்டாட்சி விதிகளில் 300.502 என்ற பிரிவு இதைத் தெளிவாகவே கூறுகிறது. மாவட்டம் செய்த மதிப்பீட்டில் உங்களுக்கு உடன்பாடு இல்லை என்பதே போதுமானது. நீங்கள் விளக்கம் தரவில்லை என்பதைக் காட்டிக் கோரிக்கையைக் காரணமின்றித் தாமதப்படுத்தவும் அவர்களுக்கு அனுமதி இல்லை.

கோரிக்கை வந்தபின் மாவட்டத்தின் முன் இருப்பவை இரண்டே வழிகள். ஒன்று, பொதுச் செலவில், அதாவது மாவட்டத்தின் செலவில், வெளியார் செய்யும் சார்பற்ற மதிப்பீட்டுக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். அல்லது தங்கள் மதிப்பீடு சரியானதே என்று நிறுவுவதற்காக, நடுநிலை அலுவலர் ஒருவர் இரு தரப்பையும் கேட்டு முடிவு சொல்லும் 'டியூ பிராசஸ்' எனப்படும் விசாரணைக்குத் தாங்களே மனுச் செய்ய வேண்டும். "பரிசீலிக்கிறோம்" என்று சொல்லிக் காலம் கடத்துவது மூன்றாவது வழியாக எங்கும் எழுதப்படவில்லை. எத்தனை நாளுக்குள் என்று கூட்டாட்சி விதி கூறாவிட்டாலும், தேவையற்ற தாமதம் கூடாது என்று கூறுகிறது. அவர்கள் எதுவுமே செய்யாமல் இருந்தால், மாநிலக் கல்வித் துறையிடம் நீங்கள் எழுத்து மூலம் முறையிடலாம். அத்தகைய முறையீடு, மீறல் நடந்த ஓராண்டுக்குள் செய்யப்பட வேண்டும்.

எனவே வாய்மொழியாகக் கேட்பதை விட்டுவிட்டு, இன்றே ஒரு கடிதம் எழுதுங்கள். இன்ன தேதியிட்ட மதிப்பீட்டை நாங்கள் ஏற்கவில்லை, பொதுச் செலவில் சார்பற்ற கல்வி மதிப்பீடு கோருகிறோம், அதை எங்கே பெறலாம் என்ற விவரத்தையும் உங்கள் மாவட்டத்தின் நிபந்தனைகளையும் அனுப்பிவையுங்கள் என்ற மூன்று செய்திகள் போதும். மின்னஞ்சலில் அனுப்பினால் தேதி தானாகவே பதிவாகிவிடும். நீண்ட குற்றப்பட்டியல் எழுதாதீர்கள். விசாரணை என்று ஒன்று வந்தால், இப்போது அவசரத்தில் எழுதும் ஒவ்வொரு வாக்கியத்தையும் எதிர்த்தரப்பு எடுத்து வாசிக்கும். மாவட்டம் செய்யும் ஒவ்வொரு மதிப்பீட்டுக்கும் ஒரு முறை மட்டுமே பொதுச் செலவில் இதைக் கோர முடியும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

கயல்:

மொழியைக் காரணம் காட்டியது பற்றிச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் இருமொழிக் குழந்தைகள் பலர் இதே இடத்தில்தான் கைவிடப்படுகிறார்கள். ஆங்கிலத்தில் போதிய தேர்ச்சி இல்லாமையே முதன்மையான காரணமாக இருந்தால் குழந்தையைச் சிறப்புக் கல்விக்குத் தகுதியுடையவராகத் தீர்மானிக்கக் கூடாது என்று விதி உள்ளது; உங்கள் பள்ளி அதைத்தான் பற்றிக்கொண்டிருக்கிறது. ஆனால் அதே விதிகள், குழந்தையின் திறனைத் துல்லியமாகக் காட்டக்கூடிய மொழியிலும் முறையிலும் தேர்வு நடத்த வேண்டும் என்றும், பெற்றோர் தரும் தகவலையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்கின்றன. வாசிப்புத் தடுமாற்றம் இரண்டு மொழிகளிலும் இருக்கும்போது, ஆங்கிலப் பழக்கக் குறைவு என்ற ஒற்றைக் காரணத்தால் அதை விளக்கிவிட முடியாது. எழுத்துக்கூட்டிப் படிப்பதைக் கடினமாக்கும் கற்றல் குறைபாடான டிஸ்லெக்சியா, இரண்டு மொழி பேசுவதால் வருவதுமில்லை.

நீங்கள் குறிப்பிட்ட தேர்வுகளில், சொல்லை ஒலிகளாகப் பிரித்தறியும் திறனையும், எழுத்துகளையோ பொருள்களையோ பார்த்தவுடன் விரைந்து பெயர் சொல்லும் திறனையும் அளக்கும் தேர்வு எதுவும் இல்லை. டிஸ்லெக்சியா ஐயம் உள்ள குழந்தைக்கு அவற்றைப் பார்க்காமல் விட்டது பெரிய குறை என்றே கருதுகிறேன். மாவட்டம் சோதிக்காமல் விட்ட துறையிலும் சார்பற்ற மதிப்பீடு கோரலாம் என்று அமெரிக்க மத்தியக் கல்வித் துறையின் சிறப்புக் கல்வி அலுவலகம் 2015இல் ஒரு கடிதத்தில் தெளிவுபடுத்தியிருக்கிறது.

மகனின் தமிழ் எழுத்துப் பயிற்சித் தாள்களைத் தேதியுடன் பத்திரப்படுத்துங்கள். புதிய மதிப்பீட்டாளருக்கு அவை மிகவும் பயன்படும்.

ஆலமரம்:

கயல் கூறியதுடன் மேலும் ஒன்று. மதிப்பீட்டாளர் மாவட்டத்தின் ஊழியராக இருக்கக் கூடாது. ஆனால் அவருடைய தகுதியும் இடமும் மாவட்டம் தன் மதிப்பீடுகளுக்கு வைத்திருக்கும் அளவுகோலுக்குப் பொருந்த வேண்டும். அவர்கள் தரும் பட்டியலில் உள்ளவரைத்தான் அமர்த்த வேண்டும் என்பதில்லை. கட்டண உச்சவரம்பு ஒன்று இருக்கக்கூடும். இருமொழி அறிந்த மதிப்பீட்டாளர் தேவைப்படுவது போன்ற தனித்த சூழ்நிலையைச் சுட்டிக்காட்டி அதற்கு மேலும் கேட்க இடமுண்டு. ஒப்புதல் எழுத்தில் வரும் முன்பு நீங்களே பணம் கட்டிவிட்டுப் பிறகு திரும்பப் பெறலாம் என்று துணிய வேண்டாம்.

தேன்மொழி:

இருவருக்கும் மிகுந்த நன்றி. கடிதத்தை இன்று இரவே அனுப்புகிறேன். விசாரணைக்குச் சென்று அவர்கள் வென்றுவிட்டால் எல்லாம் முடிந்துவிடுமா? புதிய அறிக்கை வந்தால் அதைப் பள்ளி ஏற்றே ஆக வேண்டுமா?

ஆலமரம்:

அவர்கள் வென்றாலும் சார்பற்ற மதிப்பீடு செய்துகொள்ளும் உரிமை உங்களுக்கு இருக்கும். செலவு மட்டும் உங்களுடையதாகும். யார் பணம் கொடுத்த அறிக்கையானாலும், மாவட்டத்தின் அளவுகோலுக்கு உட்பட்டு அது செய்யப்பட்டிருந்து, நீங்கள் அதை அவர்களிடம் அளித்தால், மகனின் கல்வி பற்றிய முடிவில் அதைக் கருத்தில் கொள்வது அவர்கள் கடமை. கருத்தில் கொள்வது வேறு, அப்படியே ஏற்பது வேறு. பரிந்துரைகளை அவர்கள் மறுக்கலாம். மறுத்தால், எதை மறுக்கிறார்கள், ஏன் மறுக்கிறார்கள், எந்தத் தேர்வையும் பதிவையும் அடிப்படையாகக் கொண்டார்கள் என்பதை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பைக் கூட்டத்திலேயே கேட்டுவிடுங்கள்.