மறுமொழி: 'ப்ளாக் டைம்' – தொகுதி நேரமா, முட்டிடை நேரமா?

அன்பர்களுக்கு வணக்கம். விமானத் துறையில் வழங்கும் 'ப்ளாக் டைம்' (block time) என்பதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற கேள்விக்கு என் பதில் இது.

> ப்ளாக் டைம் – தொகுதி நேரம் என்று வைத்துக்கொள்ளலாமா?

தொகுதி வேண்டாம் ஐயா. இந்த ப்ளாக், நிற்கும் விமானத்தின் சக்கரத்தின் அடியில் வைக்கும் கட்டை. சரிவில் லாரி நின்றால் கிளீனர் குதித்து இறங்கிக் கட்டை வைப்பாரே, அதே வேலைதான். இந்த ஊரில் கட்டையை எடுத்ததிலிருந்து அந்த ஊரில் கட்டை வைக்கும்வரை ஆகும் நேரமே ப்ளாக் டைம். இப்போது பெரும்பாலும் பார்க்கிங் பிரேக் விடுவதை வைத்து விமானமே நேரத்தைக் குறித்துக்கொள்கிறது. பெயர் மட்டும் கட்டையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

இதற்குத் தனிச்சொல் எதற்கு என்பவர்கள் லண்டன் ஹீத்ரோ – ஆம்ஸ்டர்டாம் ஸ்கிபோல் வழித்தடத்தைப் பாருங்கள். பெருவட்டத் தொலைவு, அதாவது பூமிப் பரப்பின் மேல் மிகக் குறுகிய தொலைவு, சுமார் 370 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகம் என்று வகுத்தால் 28 நிமிடம் வரும். ஆனால் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் வேகம் குறைய வேண்டும், வழியும் நேர்கோடு இல்லை என்பதால் வானில் முக்கால் மணி நேரம் ஆகிவிடும். அட்டவணையிலோ 1 மணி 15 நிமிடத்துக்கு மேல் போட்டிருப்பார்கள். மிச்சமெல்லாம் தரையில் போகிறது. ஸ்கிபோலில் 2003இல் திறந்த போல்டர்பான் ஓடுபாதையில் இறங்கினால், முனையத்துக்கு உருண்டு வரவே 15 நிமிடம் ஆகலாம். வழியில் நெடுஞ்சாலைக்கு மேலே பாலத்தில் விமானம் போகும். கீழே கார்கள்!

மாறாக ஸ்காட்லாந்தின் ஓர்க்னித் தீவுகளில் வெஸ்ட்ரே – பாப்பா வெஸ்ட்ரே சேவை இருக்கிறது. 2.7 கிலோமீட்டர்தான், அட்டவணையிலேயே 2 நிமிடம். அங்கே இந்தச் சொல்லுக்கே வேலை குறைவு.

> 'பறப்பு நேரம்' போதாதா?

போதாது, குழப்பமும் வரும். விமானிகள் பதிவேட்டில் 'ஃப்ளைட் டைம்' என்று எழுதுவதில் தரையோட்டமும் சேரும். பன்னாட்டு விதிப்படி, பறப்பதற்காக விமானம் முதலில் அசைந்ததிலிருந்து கடைசியில் நிற்கும்வரை உள்ள நேரம் அது. பறக்காத நேரமும் அதில் இருக்கும்போது 'பறப்பு' என்றால் எப்படி? சக்கரம் தரையை விட்டதிலிருந்து தொடும்வரை உள்ளதை 'வானிருப்பு நேரம்' என்று தனியே சொல்லிவிடலாம்.

என் பரிந்துரை: கட்டையை எடுப்பது முட்டு நீக்கம், வைப்பது முட்டு வைப்பு, இரண்டுக்கும் நடுவே உள்ளது முட்டிடை நேரம். முட்டுக்கட்டை என்றால் தடங்கல் என்றுதானே பொருள் என்பீர்கள். சக்கரத்துக்கு அது தடங்கல்தானே! வீட்டில் படித்துக் காட்டியபோது மகள் 'முட்டை நேரமா?' என்று கேட்டாள், அதையும் மறைக்கவில்லை. காதுக்கு இடறினால் 'கட்டைக்குக் கட்டை நேரம்' என்று நீளமாகவே வைத்துக்கொள்ளுங்கள், எனக்குச் சம்மதம்.

அப்புறம், நீங்கள் போட்டிருக்கும் விமான நேரப் பட்டியலில் 'பயண நேரம்' என்ற தலைப்பின் கீழ் புறப்பாட்டையும் வருகையையும் உள்ளூர் நேரத்தில் போட்டு அப்படியே கழித்திருக்கிறீர்கள். ஆம்ஸ்டர்டாம் லண்டனைவிட ஒரு மணி நேரம் முந்தியது. 1 மணிக்கு அங்கே கிளம்பும் விமானம் லண்டனில் 1.20க்கு நிற்கிறது என்றால் 20 நிமிடப் பயணம் ஆகாது. அந்த வரியை மட்டும் திருத்திவிடுங்கள்.