பயணத்துக்கு எடை குறைந்த கேமரா: நீண்ட ஜூமா, பெரிய சென்சாரா?

கேள்வி

வணக்கம். அடுத்த மாதம் நானும் என் மனைவியும் பன்னிரண்டு நாள் விடுமுறைப் பயணம் செல்லவிருக்கிறோம். என்னிடம் லென்ஸ் மாற்றக்கூடிய பெரிய கேமராவான பழைய டிஎஸ்எல்ஆர் ஒன்றும், அதனுடன் வந்த 18-55 மி.மீ. லென்ஸும், பின்னர் வாங்கிய 55-250 மி.மீ. லென்ஸும் இருக்கின்றன. எல்லாவற்றையும் பையோடு சேர்த்து நிறுத்தால் ஒன்றரைக் கிலோ வருகிறது. சென்ற பயணத்தில் முதல் இரண்டு நாள் அதைத் தோளில் சுமந்தேன்; மூன்றாம் நாளிலிருந்து அது தங்கும் அறையிலேயே கிடந்தது, எஞ்சிய படங்களையெல்லாம் கைப்பேசியில்தான் எடுத்தோம். பகலில் எடுத்தவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பொழுது சாய்ந்த பிறகு எடுத்தவையும், பழைய கட்டடங்களின் உட்புறத்தில் எடுத்தவையும் கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் நீர்வண்ணம் பூசியதுபோல் குழைந்து தெரிகின்றன.

ஆகவே, இடுப்புப் பையில் அடங்கக்கூடிய, முந்நூறு கிராம் அளவிலான கேமரா ஒன்றை வாங்க எண்ணுகிறேன். கையில் உள்ள தொகை அளவானது. அதற்குள் மூன்று வகைகள் தென்படுகின்றன: நாற்பது மடங்கு ஜூம் உள்ள சிறிய கேமரா, ஜூம் குறைவானாலும் ஒரு அங்குல சென்சார் (ஒளியைப் பதிவு செய்யும் சில்லு) உள்ள சிறிய கேமரா, உள்ளே கண்ணாடி இல்லாததால் டிஎஸ்எல்ஆரைவிடச் சிறிதான, லென்ஸ் மாற்றக்கூடிய தொடக்கநிலை மிரர்லெஸ் கேமரா. நாற்பது மடங்கு என்ற எண் என்னை ஈர்க்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1

கடைக்குச் செல்வதற்கு முன், சென்ற பயணங்களில் எடுத்த படங்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு படக் கோப்பிலும் அது எந்தக் குவியத்தூரத்தில் (லென்ஸின் மி.மீ. எண்; சிறிதானால் அகலக் காட்சி, பெரிதானால் தொலைவுக் காட்சி) எடுக்கப்பட்டது என்ற விவரம் பதிவாகியிருக்கும். படங்களை அடுக்கி வைக்க உதவும் மென்பொருள்கள் பலவற்றில் அந்த விவரத்தை வைத்தே பிரித்துக் காட்டும் வசதி உண்டு. மொத்தம் எத்தனை என்பதைவிட, நீங்கள் அழிக்காமல் வைத்துக்கொண்டவை எந்தக் குவியத்தூரத்தில் எடுக்கப்பட்டவை என்று பார்ப்பதே பயன்தரும். உங்கள் கேமராவின் குவியத்தூரத்தை 1.5 அல்லது 1.6 ஆல் பெருக்கினால்தான், சிறிய கேமராக்களின் விளம்பரத்தில் 35 மி.மீ. ஃபிலிம் கேமராவுக்கு இணையாகத் தரப்படும் 24-100 போன்ற எண்களோடு ஒப்பிட முடியும்.

மெகாபிக்சல் எண்ணிக்கையை மறந்துவிடுங்கள். 4கே தொலைக்காட்சித் திரை முழுவதையும் நிரப்ப 8.3 மெகாபிக்சல் போதும். நீங்கள் பார்க்கும் மூன்று வகைகளும் அதற்கு மேல்தான் தருகின்றன. பார்க்க வேண்டியது சென்சாரின் பரப்பு. நாற்பது மடங்கு ஜூம் கேமராக்களில் இருப்பது பெரும்பாலும் 6.2 × 4.6 மி.மீ. சென்சார், அதன் பரப்பு சுமார் 28 சதுர மி.மீ. மட்டுமே. ஒரு அங்குல வகை என்பது 13.2 × 8.8 மி.மீ., அதாவது ஏறத்தாழ 116 சதுர மி.மீ. நான்கு மடங்கு பெரிது. (அளவுகோலை வைத்துப் பார்த்தால் அதில் எந்தப் பக்கமும் ஒரு அங்குலம் இல்லை. பழைய தொலைக்காட்சிக் கேமராக்களில் இருந்த படக் குழாயின் வெளிவிட்டத்தைக் கொண்டு பெயரிடும் வழக்கம் அப்படியே தொடர்ந்து வருகிறது.)

நீங்கள் சொல்லும் நீர்வண்ணத் தோற்றத்துக்குக் காரணம், குறைந்த ஒளியில் கைப்பேசி பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக்கி, எஞ்சும் புள்ளி இரைச்சலை மென்பொருளால் தேய்த்து அகற்றுவதுதான். அதைவிடச் சிறந்த மூலப் படம் வேண்டுமென்றால் சென்சாரில் கூடுதல் ஒளி விழ வேண்டும். நாற்பது மடங்கு ஜூம் அந்தக் குறையைத் தீர்க்காது. பகல் வெளிச்சத்தில் நீங்கள் குறைப்படவே இல்லாத ஒன்றுக்கு அது மருந்தாகிறது.

பதில் 2

மேலே உள்ள பதிலோடு ஓரளவு உடன்படுகிறேன், ஓரளவு மாறுபடுகிறேன். அகலக் காட்சிகளைக் கைப்பேசியே நன்றாக எடுத்துவிடுகிறது என்றால், கைப்பேசியால் இயலாததைச் செய்யும் கருவியை வாங்குவதுதானே நியாயம்? கேனான் பவர்ஷாட் எஸ்எக்ஸ் 740 எச்எஸ் 24 முதல் 960 மி.மீ. வரை எட்டுகிறது, பேட்டரியோடு 299 கிராம்தான். மரத்தின் உச்சியில் இருக்கும் பறவையையும், கோபுரத்தின் மேல் விளிம்பில் உள்ள சிற்பத்தையும் வேறு எந்தச் சட்டைப்பைக் கருவியும் அவ்வளவு அருகில் கொண்டுவராது. நான் பறவைகளைப் பார்ப்பதற்காகவே பயணம் செய்பவன். எனக்கு அந்த வகைதான் பொருத்தம்.

ஆனால் வாங்குமுன் அதன் வரம்புகளையும் அறிந்துகொள்ளுங்கள். முழு ஜூமில் அதன் அப்பர்ச்சர் (ஒளி புகும் திறப்பு; எஃப் எண் கூடினால் ஒளி குறையும்) எஃப் 6.9 ஆகக் குறுகிவிடும். கை நடுக்கம் பன்மடங்காகப் பெருகித் தெரியும். நண்பகலில் தொலைவிலுள்ள மலையை எடுத்தால், இடையிலுள்ள காற்றின் வெப்ப அலைவே படத்தைக் கலங்கடித்துவிடும்; அதற்கு எந்த லென்ஸாலும் தீர்வில்லை. அந்தக் கேமராவில், சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாகச் சேமிக்கும் வசதியும் கிடையாது.

இரண்டுக்கும் நடுவில் ஒன்று வேண்டுமென்றால், 2016இல் வந்த பானசோனிக் டிஇசட் 100 இருக்கிறது: ஒரு அங்குல சென்சார், 25-250 மி.மீ. ஜூம், எடை 310 கிராமுக்குச் சற்று மேல். அதன் அப்பர்ச்சர் எஃப் 2.8 இல் தொடங்கி 5.9 வரை செல்வதால், இரவுப் படங்களுக்கு அதை முழுமையாக நம்ப முடியாது.

பதில் 3

மிரர்லெஸ் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் சொல்கிறேன். நான் அந்த வகையைத்தான் பயன்படுத்துகிறேன், ஆயினும் உங்களுக்குப் பரிந்துரைக்கத் தயங்குகிறேன்.

விளம்பரத்தில் கேமரா உடலின் எடையை மட்டும் பெரிய எழுத்தில் போடுவார்கள். ஒலிம்பஸ் ஓஎம்-டி ஈ-எம்10 மார்க் 4 பேட்டரியோடு 383 கிராம். அதற்குரிய தட்டையான 14-42 மி.மீ. லென்ஸ் 93 கிராம். ஆக 476 கிராம். உங்கள் ஒன்றரைக் கிலோவோடு ஒப்பிட்டால் இது பெரும் விடுதலைதான், ஆனால் முந்நூறுக்குள் வரவில்லை. எடையைவிட முக்கியமான கணக்கு வேறொன்று இருக்கிறது. இதன் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சென்சார் 17.3 × 13 மி.மீ., ஒரு அங்குல வகையைப்போல் ஏறக்குறைய இரு மடங்குப் பரப்பு. சென்சாரை மட்டும் பார்த்தால் இதுவே மேல் என்று தோன்றும். ஆனால் உடன் வரும் லென்ஸ் எஃப் 3.5 இல் தொடங்குகிறது. கேனான் ஜி7 எக்ஸ் மார்க் 2 போன்ற ஒரு அங்குலக் கேமராவில் பொருத்தப்பட்டுள்ள லென்ஸோ எஃப் 1.8 இல் தொடங்குகிறது. 3.5ஐ 1.8 ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 3.8 வருகிறது. அதாவது, ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலும் அந்தச் சிறிய கேமரா கிட்டத்தட்ட நான்கு மடங்கு ஒளியைச் செலுத்துகிறது. ஜூமின் மறுமுனையிலும் 5.6க்கு எதிராக 2.8; அங்கேயும் சரியாக நான்கு மடங்கு. இரு மடங்குப் பரப்பால் கிடைத்த இலாபம் நான்கு மடங்கு ஒளி இழப்பில் கரைந்துபோகிறது. ஆகவே, உடன் வரும் லென்ஸை மட்டுமே வைத்துக்கொண்டு மிரர்லெஸ் கேமராவில் பயணம் செய்பவர், மங்கிய ஒளியில் அந்தச் சட்டைப்பைக் கேமராவைவிடப் பின்தங்கியே நிற்பார்.

பானசோனிக்கின் 20 மி.மீ. எஃப் 1.7 போன்ற லென்ஸ் ஒன்றைக் கூடுதலாக வாங்கினால்தான் கணக்கு திரும்பும். எடை சுமார் நூறு கிராம் மட்டுமே கூடும்; ஆனால் செலவு கூடும், ஜூமும் போய்விடும். லென்ஸ்களை மாற்றி மாற்றிப் போடுவதில் உங்களுக்கு மகிழ்ச்சி உண்டா என்பதே கேள்வி. உங்கள் 55-250 அறையில் கிடந்ததைப் பார்த்தால், இல்லை என்றே படுகிறது.

இன்னொன்று. கைப்பேசிகளின் வரவால் சிறிய கேமராக்களின் சந்தை சுருங்கிவிட்டது: 2010இல் உலக அளவில் 12 கோடிக்கும் மேல் அனுப்பப்பட்ட டிஜிட்டல் கேமராக்கள், 2021இல் ஒரு கோடிக்கும் கீழே வந்துவிட்டன. மலிவான புதிய மாடல்கள் அரிதாகிவிட்டதால், உங்கள் தொகைக்குச் சில ஆண்டு பழைய, ஒருவர் பயன்படுத்திய ஒரு அங்குலக் கேமராவே நல்ல தேர்வாக இருக்கும். வாங்கும்போது உங்கள் மெமரி கார்டைப் போட்டு, அப்பர்ச்சரை முடிந்த அளவு குறுக்கி, வெள்ளைத் தாள் ஒன்றைச் சட்டம் நிறையப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் தூசி புகுந்திருக்கிறது. இவ்வகைக் கேமராவில் லென்ஸைக் கழற்ற முடியாது என்பதால் அதை நீங்களே துடைக்கவும் இயலாது. லென்ஸை நான்கைந்து முறை வெளியே விட்டு உள்ளே இழுத்து, அரைக்கும் ஓசை கேட்கிறதா என்று கவனியுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. நேற்றிரவு உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன், சற்று வெட்கமாகவும் இருந்தது. சென்ற மூன்று பயணங்களில் டிஎஸ்எல்ஆரில் எடுத்தவற்றில் நான் வைத்துக்கொண்டவை 412 படங்கள். அவற்றில் 55-250 லென்ஸால் எடுத்தவை வெறும் 19. அதிலும் பாதி ஒரே குரங்கின் படங்கள். முந்நூறுக்கும் மேற்பட்டவை 18க்கும் 35க்கும் இடைப்பட்ட குவியத்தூரத்தில் எடுத்தவை. எனவே நாற்பது மடங்கு ஆசையை விட்டுவிடுகிறேன். பறவை பார்க்கும் நண்பர் மன்னிக்க வேண்டும்.

இன்னும் இரண்டு ஐயங்கள். வெயிலில் திரை தெரியாமல் போவதால் கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் எனக்கு வேண்டும். முந்நூறு கிராமுக்குள் அது கிடைக்குமா? பேட்டரி ஒரு நாள் தாங்குமா?

பதில் 1 எழுதியவர்

18-35 என்பதைப் பெருக்கினால் தோராயமாக 28-55 வருகிறது. அப்படியானால் 2014இல் வந்த சோனி ஆர்எக்ஸ் 100 மார்க் 3 உங்களுக்காகவே செய்ததுபோல் இருக்கிறது: 24-70 மி.மீ., எஃப் 1.8-2.8, 290 கிராம், அழுத்தினால் உடலின் மேல்மூலையிலிருந்து எழும் மின்னணு வியூஃபைண்டர். 2012இல் வந்த முதல் ஆர்எக்ஸ் 100 இன்னும் மலிவாகக் கிடைக்கும், எடையும் 240 கிராம்தான். ஆனால் அதில் வியூஃபைண்டர் இல்லை, ஜூம் செய்யும்போது அப்பர்ச்சர் 4.9 வரை குறுகிவிடும். மார்க் 3இலும் குறையில்லாமல் இல்லை. உடல் வழுவழுப்பானது; கையில் பிடிப்புக்கு ஒன்றுமில்லை. மணிக்கட்டுப் பட்டையைக் கட்டாயம் மாட்டிக்கொள்ளுங்கள். மூக்குக்கண்ணாடி அணிபவருக்கு அந்த வியூஃபைண்டர் சற்றுச் சிறியதாகப் படும்.

ஒருமுறை ஏற்றினால் சுமார் 320 படங்கள் என்பது அறிவிக்கப்பட்ட அளவு. வியூஃபைண்டரை மிகுதியாகப் பயன்படுத்தினால் குறையும். யூஎஸ்பி கம்பி வழியாகவே ஏற்றலாம் என்பதால் கைப்பேசிக்கு வைத்திருக்கும் பவர் பேங்க் இதற்கும் உதவும். இருப்பினும் கூடுதலாக ஒரு பேட்டரி வாங்கிக்கொள்ளுங்கள். விமானத்தில் செல்வதாக இருந்தால் உதிரி பேட்டரியைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், சரக்கில் போடும் பெட்டியில் வைக்கக் கூடாது. நூறு வாட்-மணிக்குக் கீழ்ப்பட்ட பேட்டரிக்குத் தனி ஒப்புதல் தேவையில்லை. இதன் பேட்டரி ஐந்தைக்கூடத் தொடாது.

கட்டடங்களின் உட்புறத்துக்கு ஒரு வழி: ஃபிளாஷை அணைத்துவிட்டு, தூணில் தோளைச் சாய்த்து, இரண்டு விநாடி டைமர் வைத்து எடுங்கள். பொத்தானை அழுத்தும் விரலின் அதிர்வு அடங்கிய பிறகே படம் பதிவாகும் என்பதால், எட்டில் ஒரு விநாடி ஷட்டர் வேகத்தில்கூடத் தெளிவாக வரும். நடுக்கத் தடுப்பு அசையாத பொருளுக்கு மட்டுமே கைகொடுக்கும். நடந்து வரும் மனிதரை எடுக்க ஷட்டர் வேகத்தைக் கூட்டத்தான் வேண்டும், அங்கேதான் எஃப் 1.8இன் அருமை தெரியும். ராவும் ஜேபெக்கும் சேர்த்துப் பதியும்படி அமைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியின் இரவுப் படத்தோடு இதன் ஜேபெக்கை மட்டும் ஒப்பிட்டால், அசையாத காட்சிகளில் வேறுபாடு நீங்கள் எதிர்பார்க்கும் அளவுக்கு இராது.

பதில் 4

கடற்கரையும் உங்கள் பயணத்தில் உண்டா? வெளியே நீண்டு உள்ளே மடங்கும் லென்ஸுக்கு மணல் எமன். என் பழைய கேமரா ஒன்று, மணலில் விரித்த துணியில் பத்து நிமிடம் கிடந்ததற்கே, அடுத்த முறை இயக்கியபோது பாதி வழியில் நின்று, பின் அசையவே இல்லை. தண்ணீரிலேயே இறங்குவதாக இருந்தால் 15 மீட்டர் ஆழம் வரை தாங்கும் ஒலிம்பஸ் டஃப் டிஜி-6 போன்றவை வேறு வகை; அவற்றின் சென்சார் சிறியது என்பதால் உங்கள் இரவுப் படங்களுக்கு உதவா. மற்றபடி, ஜிப் வைத்த நெகிழிப் பை ஒன்று போதும்.

கேள்வி கேட்டவர்

கடற்கரை ஒரே ஒரு நாள்தான். அன்று கேமரா பையை விட்டு வெளியே வராது. பயன்படுத்திய மார்க் 3 ஒன்று விற்பனைக்கு இருப்பதாக நண்பர் வழியே தெரிந்தது. நாளை மறுநாள் பார்க்கச் செல்கிறேன். வெள்ளைத் தாளையும் மெமரி கார்டையும் இப்போதே பையில் எடுத்து வைத்துவிட்டேன். மனைவி மூக்குக்கண்ணாடி அணிபவர் என்பதால் அவரையும் அழைத்துச் சென்று, வியூஃபைண்டரில் அவருக்குச் சட்டம் முழுவதும் தெரிகிறதா என்று பார்த்த பிறகே விலை பேசப் போகிறேன்.